ஒரே பிலிமில் இரண்டு கொடிகாமம்

பழைய பிலிம் கமராக்கள் திரும்பவும் இளம் ஆக்களின் கைகளில் தெரியத் தொடங்கியிருக்கின்றன. அதோடு 'டபுள் எக்ஸ்போஷர்' மோகமும் வந்திருக்கு. ஒரு பெண்ணின் முகம், அதுக்குள்ள பனை. ஒரு பிள்ளையின் முகம், அதுக்குள்ள குண்டுபட்ட சுவர். வடக்கைப் பற்றிய படம் எண்டால் இப்படித்தான் இருக்கவேணும் என்று ஒரு அச்சே வார்த்தாயிற்று. எங்களுக்கு இதில் உடன்பாடில்லை. இந்த உத்திக்கு இதைவிடப் பெரிய வேலை இருக்கு.

செய்முறை எளியது. மீடியம் ஃபோர்மற் கமராவுக்குப் போடுவது 120 பிலிம். 6×6 சென்ரிமீற்றர் சதுரமாக எடுத்தால் ஒரு றோலுக்கு 12 படம்தான். லூபிட்டல் போன்ற சோவியத் காலத்துக் கமராக்களில் பிலிமைச் சுற்றுவது வேறு, ஷட்டரை இழுத்து வைப்பது வேறு. ஒரு படம் எடுத்தபின் பிலிமைச் சுற்றாமல் ஷட்டரை மட்டும் திரும்ப இழுத்து அமத்தினால், அதே கட்டத்தில் இரண்டாவது காட்சியும் விழும். இரண்டு தரம் வெளிச்சம் படுவதால் ஒவ்வொரு தரமும் பாதி போதும். 100 ஐஎஸ்ஓ பிலிமுக்கு நல்ல வெயிலில் எஃப் 16 இல் 1/125 செக்கன் என்றால், இங்கே இரண்டு தரமும் 1/250. இடையில் வெயில் மாறினால் திரும்ப அளந்து, அதிலும் பாதி.

இந்தப் பாதிக் கணக்கில்தான் விஷயம் இருக்கு. கமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து ஒரே இடத்தை இரண்டு நேரத்தில் எடுத்துப் பாருங்கோ. இரண்டு தரமும் அங்கேயே நின்றது முழுசாகப் பதியும். ஒரு தரம் மட்டும் வந்துபோனது, ஊடே பின்னால் உள்ளது தெரிகிறமாதிரி விழும். கொடிகாமம் சந்தையைச் சனத்தோடு ஒருதரம், சனம் கலையும்வரை காவலிருந்து இன்னொருதரம் எடுத்தால், கட்டடமும் மரமும் உறுதியாய் நிற்கும். தேங்காயும் பலாப்பழமும் கொண்டுவந்த சனம் ஆவிமாதிரித் தெரியும்.

புகையிரத நிலையத்திலும் இதையே செய்யலாம். 1990 இல் நின்ற ரயில் 2014 ஒக்ரோபரில்தான் யாழ்ப்பாணம் வரை திரும்ப ஓடினது. இடையில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போயின. 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சிச் சனம் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தது. வெறும் பாதையை ஒருதரம், ரயில் வந்து நிற்கேக்க ஒருதரம் எடுத்தால், ரயிலுக்குள்ளால் பனை தெரியும். முகத்தில் ஒட்டின இடிந்த சுவரைவிட அந்தப் படம் எங்கட கதையைச் சரியாகச் சொல்லும்.

'போட்டோசொப்பில் செய்யலாமே' எண்டு கேட்பினம். செய்யலாம். கனடாவில் இருக்கிற மகனையும் செத்துப்போன தகப்பனையும் ஒரே குடும்பப் படத்தில் சேர்த்துத் தந்த ஸ்டூடியோக்கள் எங்கட ஊர்களில் இருக்கின்றன. அது ஒரு ஆறுதல். அதைக் குறைசொல்ல எங்களுக்கு மனமில்லை. ஆனால் ஒட்டு தெரியாமல் இருப்பதுதான் அங்கே கெட்டித்தனம். 1940 இல் 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்ட காலத்திலிருந்து நாங்கள் ரசித்ததும் அந்தக் கெட்டித்தனத்தைத்தான். நாங்கள் சொல்லுகிற படத்தில் ஒட்டு மறையாது. தூரம் தூரமாகவே இருக்கும். இல்லாதவர் இல்லாதவராகவே வந்து நிற்பார்.

பிலிம் விலை கூட. 12 கட்டம்தான் கையில். இரண்டாம் தரம் அமத்த முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: இந்த இடத்தில் எது நின்றது, எது போனது? மறுமொழி இல்லாட்டி பிலிமைச் சுற்றிவிட்டு, தனிப்படமாகவே எடுங்கோ.