கல் தெறிப்பது விதியல்ல

“மெஷின் என்றால் கல் தெறிக்கத்தான் செய்யும், காரைத் தள்ளி நிறுத்துங்கள்.” கிள்ளான் தாமான்களில் கார்க் கண்ணாடி உடைந்து நியாயம் கேட்டுப் போகிறவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கிடைத்து வரும் பதில் இது. அண்மையில் எங்கள் குடியிருப்பாளர் கூட்டத்தில் புல்வெட்டும் குத்தகையாளர் ஒருவர் இதையே சொன்னார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதலில் அந்தக் கல் எங்கிருந்து வந்தது? கிள்ளான் துறைமுகத்துக்கு ஓடும் கொள்கலன் லோரிகள் தார்ச்சாலையின் ஓரத்தை நொறுக்குகின்றன. குழியை அடைக்க வருகிறவர்கள் மிஞ்சிய ஜல்லியை ஓரத்திலேயே தள்ளிவிட்டுப் போகிறார்கள். இரண்டு மழை பெய்தால் புல் அதை மூடிவிடுகிறது. கல் இருப்பது வெட்ட வருகிறவருக்கும் தெரியும், அனுப்பி வைத்தவருக்கும் தெரியும். தெரிந்த ஒன்றை எதிர்பாராத விபத்து என்று எப்படிச் சொல்ல முடியும்?

“தெறிக்கும்” என்று சாதாரணமாகச் சொல்கிறார்களே, அதன் வேகத்தைப் பார்ப்போம். 10 அங்குல இரும்புத் தகடு நிமிடத்துக்கு 7,000 முறை சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு 330 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இத்தகைய இயந்திரங்களோடு வரும் கையேடுகள், சுற்றிலும் 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது என்கின்றன. பல தாமான் சாலைகளில் 15 மீட்டர் என்பது எதிர்வீட்டு கேட்டையும் தாண்டிவிடும். அப்படியானால் காரை எங்கே தள்ளி நிறுத்துவது?

கல் எந்தப் பக்கம் போகும் என்பதும் தெரியாத ரகசியமல்ல. நேர்க்குழாய் வைத்த மெஷின்களில் தகடு பொதுவாக, பிடித்திருப்பவர் மேலிருந்து பார்க்கும்போது, இடஞ்சுழியாகச் சுழல்கிறது. முன்விளிம்பு வலமிருந்து இடமாக ஓடுவதால், அதில் பட்ட கல் பெரும்பாலும் இடப்பக்கம் பாய்கிறது. நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. சாலையின் இடது ஓரத்தில், வண்டிகள் போகும் திசையிலேயே நடந்து வெட்டினால், சாலை அவருடைய வலக்கைப் பக்கம் இருக்கும். கல் சாலைக்கு எதிர்ப்புறம் போகும். அதே ஓரத்தில் வண்டிகளுக்கு எதிராக நடந்தால், அதே கல் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் முகத்துக்கு நேராகப் போகும். மறுபுறம் வீட்டு வாசலோ நடைபாதையோ இருந்தால் அங்கே தடுப்பு வலை வேண்டும். மெஷின் பிடிக்கும் தொழிலாளியை நான் குறை சொல்லவில்லை. எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தரக் காசு செலவில்லை. அவரை வேலைக்கு வைத்தவர் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

வலை பிடித்தால் வேலை ஓடாதாம். சக்கரம் வைத்த வலைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டே வெட்டும் குழுக்கள் இதே நாட்டில் இருக்கின்றன.

இரும்புத் தகடு இல்லாமல் வெட்ட முடியாது என்பது இன்னொரு வாதம். லாலானுக்கும் புதருக்கும் அது சரி. வாசலோரத்து மாட்டுப்புல்லுக்கு நைலான் கயிறு போதும். கயிறும் கல்லைக் கிளப்பும்தான், ஆனால் தகட்டின் கனம் அதற்கில்லை. ஜல்லி உள்ள இடத்தில் இரண்டு அங்குலம் உயர்த்தி வெட்டினால் ஆபத்து இன்னும் குறையும். கனடாவில் ஜல்லி போட்ட வீட்டுப்பாதைகளில் டிராக்டரில் மாட்டிய பனிவீசியை ஓட்டுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். முதல் பனியை அப்படியே இறுக விடுகிறார்கள், இயந்திரத்தின் அடிச்சறுக்குக் கட்டைகளை ஓர் அங்குலமாவது உயர்த்துகிறார்கள், வீசுகுழாயை வீடும் காரும் இல்லாத பக்கம் திருப்புகிறார்கள்.

கடைசியாக, “காப்புறுதி இருக்கிறதே” என்கிறார்கள். கண்ணாடிக்கான காப்புறுதி தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று. அதற்கான கட்டணம் வழக்கமாகக் கண்ணாடி மதிப்பில் 15 விழுக்காடு, அதாவது 1,000 ரிங்கிட் கண்ணாடிக்கு ஆண்டுக்கு 150 ரிங்கிட். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்த பழைய கார்க்காரருக்கு அதுவும் கிடையாது. குத்தகைப் பணம் ஒருவருக்கு, கண்ணாடிச் செலவு இன்னொருவருக்கு என்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தம்மிடம் வேலை செய்யாதவர்களுக்கும் ஆபத்து நேராதபடி நடந்துகொள்ளும் கடமையை முதலாளிகள் மீதும் சுயதொழில் செய்வோர் மீதும் சுமத்துகிறது. சாலையில் போகிறவர்களும் அதில் அடங்குவார்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பிரிவின் நகலோடுதான் போகப்போகிறேன்.