மிதவை விமானமும் மருதநிலமும்

தஞ்சையில் விமானம் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. முதலாம் இராசராசன் எடுப்பித்து 1010-ஆம் ஆண்டில் நிறைவு செய்த பெரிய கோயிலில், ஏறத்தாழ 216 அடி உயரம் ஓங்கி நிற்பதும் விமானம். நகரை அடுத்துள்ள வான்படைத் தளத்திலிருந்து இடியென முழங்கி எழுவதும் விமானம். முன்னது சோழர்தம் கணிதத் திறனுக்குச் சான்று. பின்னது இக்கால அறிவியலின் ஆற்றலுக்குச் சான்று. இவ்விரண்டிற்கும் அருகே வைத்து எண்ணத்தக்க மூன்றாம் விமானம் ஒன்றும் உண்டு. அது கல்லாலும் ஆனதன்று, இரும்பாலும் ஆனதன்று, வெறும் நுரைப்பொருளால் ஆனது. கையால் எறிய எழுந்து, மின்விசையால் உயர்ந்து, விசை நின்றபின் பருந்துபோல் மிதப்பது. அதனை மிதவை விமானம் என்றும், கிளைடர் என்றும் கூறுவர்.

இதனைக் காண்போர் பலர், செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் என்று எண்ணி அகல்வர். அவ்வெண்ணம் பொருந்துவதன்று. காவிரிப் படுகையின் பள்ளிகளில் அறிவியலைக் கண்ணால் கண்டும் கையால் தொட்டும் பயில்வதற்கு இதனினும் இனிய கருவி அரிது. முறையறிந்து கைக்கொண்டால் இவ்விளையாட்டு கல்வியாகும். முறை தவறினால் கேடாகும். ஆதலின் இதன் இயல்பையும் எல்லையையும் ஒருங்கே அறிதல் வேண்டும்.

மிதவை விமானத்தின் உடலும் இறக்கையும், தெர்மாகோலின் இனத்தைச் சேர்ந்ததாயினும் அதனினும் நெகிழ்வும் உறுதியும் மிக்க நுரைப்பொருளால் வார்க்கப்படுகின்றன. இறக்கை ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை நீண்டிருப்பினும், மொத்த எடை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் அளவினதே. மூக்கில் ஒரு சிறு மின்மோட்டாரும், மடங்கும் இயல்புடைய சுழல்விசிறியும் உள்ளன. மோட்டார் நின்றதும் விசிறியின் அலகுகள் காற்றைத் தடுக்காமல் உடலோடு ஒட்டி மடங்கிக்கொள்ளும். வாலில் உள்ள சுக்கானையும் உயர்த்தியையும் செர்வோ எனப்படும் சிறு பொறிகள் அசைக்கின்றன. நிலத்தில் நிற்பவர் கையிலுள்ள கருவியினின்று செல்லும் ரேடியோ அலை அவற்றிற்குக் கட்டளையாகிறது.

இன்று எளிதாகத் தோன்றும் இப்பொருள் எளிதில் பிறந்ததன்று. இங்கிலாந்து நாட்டின் ஜார்ஜ் கெய்லி 1804-ஆம் ஆண்டிலேயே சிறிய மிதவை மாதிரி ஒன்றைச் செய்து பறக்கவிட்டார். பிரெஞ்சு நாட்டின் அல்போன்சு பெனோ 1871-இல் முறுக்கிய ரப்பரின் விசையால் பறக்கும் மாதிரியைப் பாரிசு நகரில் பலர் காணப் பறக்கவிட்டார். பெனோ வகுத்த முறையில் அமைந்த பொம்மை ஒன்றை 1878-ஆம் ஆண்டு ஒரு தந்தை தம் சிறுவர் இருவருக்கு வாங்கி வந்தார். அச்சிறுவரே வில்பர் ரைட்டும் ஆர்வில் ரைட்டும் ஆவர். அவர்கள் வளர்ந்து, 1900 முதல் 1902 வரை மிதவை விமானங்களில் பழகிய பின்னரே, 1903-இல் பொறியால் இயங்கும் விமானத்தில் பறந்தனர். மின்விசையால் பறந்து ரேடியோவால் ஆளப்பட்ட மாதிரி விமானம் முதன்முதலாக முறைப்படி பதிவு பெற்றது 1957-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள்; அதனைப் பறக்கவிட்டவர் இங்கிலாந்தின் கர்னல் டாப்ளின். ஒரு பொம்மை இரு சிறுவரின் கையில் விழுந்து உலகின் போக்கை மாற்றியது என்றால், விளையாட்டைச் சிறுமையென்று இகழ்வது எங்ஙனம் பொருந்தும்?

பறத்தலின் முதற்பாடம் சமநிலை. அப்பாடத்தின் ஒரு பகுதியைத் தஞ்சை மக்கள் நெடுங்காலமாக அறிவர். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் அடிப்பாகம் கனமானது. ஆதலின் எடைமையம் தாழ்ந்து நிற்கிறது. எத்தனை முறை சாய்த்தாலும் பொம்மை தானே நிமிர்கிறது. மிதவை விமானத்திலும் எடைமையமே உயிர்நாடி. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கிற்குள் அது அமைதல் வேண்டும். இறக்கையின் கீழ் அவ்விடத்தில் இரு விரல்களை வைத்துத் தூக்கிப் பார்த்தால், விமானம் மூக்கும் வாலும் தாழாமல் நிற்கும். வால் கனத்தால் விமானம் தலைதூக்கி, விரைவிழந்து, நிலைகுலைந்து விழும். மூக்கு மிகக் கனத்தால் தலைகுனிந்து தரையை நாடும். மின்கலத்தைச் சிறிது முன்னோ பின்னோ நகர்த்திச் சரிசெய்யும் மாணவர், எடைமையத்தின் இலக்கணத்தை ஒருபோதும் மறவார். மனப்பாடம் செய்த வரி தேர்வோடு போகும். விரல் நுனியில் கண்ட உண்மை வாழ்நாளெல்லாம் நிற்கும்.

இரண்டாம் பாடம் கணக்கு. ஒரு மீட்டர் தாழும்போது பத்து மீட்டர் முன்செல்லும் விமானம் ஒன்றைக் கொள்க. அது காற்றசையாத பொழுதில் 100 மீட்டர் உயரத்திலிருந்து 1,000 மீட்டர் தொலைவு மிதக்கும். நொடிக்கு அரை மீட்டர் வீதம் தாழுமாயின், தரையை அடைய 200 நொடி ஆகும். இக்கணக்கைத் தாளில் போட்டபின் விமானத்தை விட்டு நேரம் பார்த்தால், விடை பெரும்பாலும் ஒத்துவருவதில்லை. சில வேளை விரைவில் இறங்கும். சில வேளை கால்மணி நேரமானாலும் இறங்க மறுக்கும். ஏன் என்னும் வினா அங்கே பிறக்கிறது. அவ்வினாவே அறிவியலின் வாயில்.

அதற்கு விடை மருதநிலத்தின் மேலேயே வட்டமிடுகிறது. அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் வயல், வெயிலில் விரைந்து சூடேறும். அருகேயுள்ள குளமும் தென்னந்தோப்பும் அவ்வளவு விரைவில் சூடேறா. இவ்வேறுபாட்டால் வயலின் மேலுள்ள வெப்பக்காற்று தூண்போல் மேலெழுகிறது. செம்பருந்து சிறகடியாமல் வட்டமிட்டு உயர்வது அக்காற்றுத்தூணில் ஏறியே. மிதவை விமானத்தைச் செலுத்துபவரும் அவ்விடம் அறிந்து வட்டமிட்டால், மோட்டாரின் துணையின்றியே உயரலாம். வயல்களில் நீர் நிறைந்து நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் இவ்வெழுச்சி மிகக் குறைவு. இங்ஙனம் நிலத்தையும் நீரையும் வெயிலையும் பறவையையும் ஒருங்கே நோக்கும் பழக்கம், உழவர் குடியில் பிறந்த பிள்ளைக்கு எவ்வளவு உரியது!

எனினும் காணும் வெளியெல்லாம் பறக்கும் வெளி ஆகாது. சம்பா அறுவடைக்குப் பின் தஞ்சை வயல்கள் வெறுமையாகக் கிடப்பதாகப் புதியவர் எண்ணுவர். உழவர் அறிவார் உண்மையை. நெல் அறுப்பதற்குச் சில நாள் முன்னரே ஈர வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கப்பட்டிருக்கும். தாள்களுக்கிடையே முளைத்து நிற்பது ஒரு குடும்பத்தின் கோடைக்கால வருவாய். விழுந்த விமானத்தைத் தேடி நால்வர் அதனுள் ஓடினால், விளையாட்டு பிறர் வயிற்றில் அடித்ததாகும். பயறும் உளுந்தும் எடுத்தபின், மேட்டூர் நீர் வந்து குறுவைக்கு ஏர் பூட்டும் வரை உள்ள சித்திரை, வைகாசித் திங்களே தக்க காலம். பள்ளி விடுமுறையும் அப்பொழுதே வருகிறது. வெப்பக்காற்றும் அப்பொழுதே வலுக்கிறது. அப்போதும் நிலத்துக்கு உடையவரின் இசைவு பெற்றே கால் வைத்தல் பண்பு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. ஒரு கிலோகிராம் நுரைப்பொருள் என்ன ஆகும் என்று சொல்லவும் வேண்டுமோ?

அடுத்து அறியத்தக்கது சட்டத்தின் எல்லை. தஞ்சை வான்படைத் தளம் 2013-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் சுகோய்-30 போர்விமானங்களின் அணி ஒன்று அங்கே நிலைகொண்டது. விரைந்து செல்லும் போர்விமானத்தின் வழியில் குறுக்கிடும் சிறு பொருளும் பேரிடர் விளைக்கும். 2021-ஆம் ஆண்டின் ஆளில்லா வானூர்தி விதிகள் நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பகுத்தன. பச்சைப் பகுதியில் 120 மீட்டர் வரை பறக்கவிடலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள இடத்தில் பச்சைப் பகுதியின் உயரம் 60 மீட்டரே. அஃதாவது 200 அடி; பெரிய கோயில் விமானத்தின் உயரத்தினும் குறைவு! மஞ்சள் பகுதியில் இசைவின்றிப் பறக்கவிடலாகாது. சிவப்புப் பகுதிக்கு அரசின் சிறப்பு இசைவு வேண்டும். ஆகவே தஞ்சை நகர்ப்புறத்து மாணவர், தாம் நிற்கும் இடம் எப்பகுதியைச் சேர்ந்தது என்று வரைபடத்தில் பார்த்து உறுதி செய்யாமல் விமானத்தைத் தொடுதல் கூடாது. அங்கே பள்ளித் திடலுக்குள் கையால் எறிந்து மிதக்கவிடும் மோட்டாரில்லாச் சிறு மாதிரியே போதும். சமநிலைப் பாடம் அதனிலும் குறைவதில்லை.

வானம் மனிதர்க்கு மட்டும் உரியதன்று. திருவாரூர் மாவட்டத்து வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஆகிய பறவைப் புகலிடங்கள் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. தொலைநாட்டிலிருந்து வந்து தங்கும் பறவைகளின் அருகே பொறியை முழங்கவிடுதல் அறமன்று. பருந்தை வழிகாட்டியாகக் கொள்ளலாம், அதனைத் துரத்தலாகாது. மின்கம்பியில் சிக்கிய விமானத்தை எடுக்கக் கம்பத்தில் ஏறுவது உயிரை இழக்கும் செயல்; மின்வாரிய ஊழியரை அழைத்தலே முறை. லித்தியம் மின்கலத்தைத் துளைத்தலும், வெயிலில் போட்டுவைத்தலும், ஆளில்லா அறையில் மின்னேற்றுதலும் தீ விபத்துக்கு வழி. முதலில் கைக்கருவியை இயக்கி, பின்னரே விமானத்தில் மின்கலத்தை இணைத்தல் வேண்டும். முடிக்கும்போது முறை மாறும். உடைந்த நுரைத்துண்டு ஒன்றும் வாய்க்காலில் மிதந்து செல்ல விடலாகாது. நெல்லைப்போல் அது மக்கி மண்ணோடு மண்ணாவதில்லை.

செலவு மிகுதி என்று சிலர் தடை கூறுவர். அஃது உண்மையே. முழு விமானம் ஒன்றை ஒவ்வொரு மாணவரும் வாங்குதல் இயலாது; வாங்கவும் வேண்டா. ஒரு பள்ளிக்கு ஒரு விமானமும் ஒரு கைக்கருவியும் பொதுவில் இருந்தால் போதும். விழுந்தால் மரமாதிரி சிதறும். நுரைமாதிரியோ பசைகொண்டு ஒட்டினால் அன்றே மீண்டும் பறக்கும். வாங்கியதைப் பறக்கவிடுவதைக் காட்டிலும், உடைந்ததைச் செப்பனிட்டுப் பறக்கவிடுவதில்தான் கல்வி மிகுதி. தோல்வியைப் பசையிட்டு ஒட்டி மீண்டும் முயலும் மனம் எத்தொழிலுக்கும் வேண்டுவதன்றோ?

படிப்பு கெடும் என்பது மற்றொரு தடை. தேசிய மாணவர் படையின் வான்பிரிவில் மாதிரி விமானக் கலை பயிற்சியின் ஒரு பகுதியாகவே விளங்குகிறது. சென்னைக் குரோம்பேட்டையில் 1949-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தொழில்நுட்பப் பயிலகத்தில்தான் அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் கற்றார். அங்குள்ள மாணவர்களின் தக்ஷா அணி ஆளில்லா வானூர்திகளைச் செய்து பெயர் பெற்றது. மாதிரி விமானங்களில் ஈடுபாடுடைய திரைப்பட நடிகர் அஜித்குமார் 2018-இல் அவ்வணிக்கு ஆலோசகராக விளங்கினார். விளையாட்டில் பிறந்த ஆர்வம் அறிவுக்கு ஏணியானதற்கு இவை சான்றுகள்.

இவற்றினும் இன்றியமையாத காரணம் ஒன்று உண்டு. ஆளில்லா வானூர்தி இன்று நெல்வயலுக்கே வந்துவிட்டது. மருந்து தெளிக்கும் பணிக்காக மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 15,000-க்கு டிரோன் வழங்கும் திட்டத்துக்கு 2023-ஆம் ஆண்டில் நடுவணரசு ஒப்புதல் அளித்தது. வயலுக்கு வரும் பொறியை ஆளவும் பழுது பார்க்கவும் வல்லவர் யார்? அந்த வயலின் வரப்பில் வளர்ந்த பிள்ளைகளே வல்லவராதல் நன்று. அன்றேல் நிலம் தஞ்சையினதாகவும், அறிவு பிறர் கையினதாகவும் பிரிந்து நிற்கும். இவ்வாய்ப்பு மாணவர்க்கும் மாணவியர்க்கும் ஒப்ப உரியது.

ஆகவே, படுகை மாவட்டங்களின் பள்ளிகள் கோடை விடுமுறையில் சில நாளேனும் மிதவை விமானப் பயிற்சிக்கு ஒதுக்குதல் நலம். அறிவியலாசிரியர் விதி கூறட்டும்; உழவர் நிலமும் காலமும் கூறட்டும்; மாணவர் செய்து, விட்டு, விழுந்து, ஒட்டி, மீண்டும் விடட்டும். கல்லணை கட்டியவர் நீரின் போக்கை அறிந்தனர். பெரிய கோயில் எடுத்தவர் கல்லின் இயல்பை அறிந்தனர். அவர்தம் வழிவந்த இளைஞர் காற்றின் இயல்பை அறிய வேண்டிய காலம் இது. விசை நின்றபின்னும் விழாமல் மிதப்பதே மிதவை விமானத்தின் சிறப்பு. பள்ளி நாள் முடிந்தபின்னும் ஒருவரைத் தாங்கி நிற்பதே கல்வியின் சிறப்பு.