சாசருக்கு முன்பும் கவிகள் இருந்தார்கள்

ஆங்கிலக் கவிதையின் தந்தை சாசர் என்று 1700-இல் கவிஞர் டிரைடன் எழுதியது, நம் கல்லூரி வகுப்பறைகளில் இன்றும் வேதவாக்கு. அதோடு ஒரு வாலும் ஒட்டிக்கொண்டு வருகிறது: அவருக்கு முந்தைய ஆங்கிலோ-சாக்சன்கள் படிப்பறிவற்ற முரட்டு வீரர்கள், அவர்கள் பாட்டு யாப்பில்லாத போர்க் கூச்சல், 1066-இல் நார்மானியர் வந்ததும் அதுவும் அடங்கிவிட்டது. இதில் ஒன்றுகூட உண்மையில்லை.

படிப்பறிவற்றவர்களா? ஜாரோ மடத்துத் துறவி பீட், ஆங்கிலேயத் திருச்சபையின் வரலாற்றை 731-இல் லத்தீனில் எழுதி முடித்தார். 735-இல் சாகும் தறுவாயில் தம் பெட்டியிலிருந்த மிளகை உடனிருந்த குருமாருக்குப் பகிர்ந்து கொடுத்தார் என்று அவருடைய மாணவர் எழுதிவைத்திருக்கிறார். இந்தியக் கரையில் ஏறிய மிளகு, கை மாறி மாறி, வட இங்கிலாந்தின் மடம்வரை போயிருக்கிறது! ஆல்ஃபிரட் மன்னரோ, வைக்கிங்குகளோடு போராடிய ஆட்சிக்கு நடுவிலும் லத்தீன் நூல்களைத் தாய்மொழிக்குக் கொண்டுவரச் செய்தார்.

அடுத்தது யாப்பு. அடியிறுதியில் ஓசை ஒத்து முடிவதில்லை என்பதற்காக யாப்பே இல்லை என்பவர்கள் ஓர் அடியைக்கூட நிறுத்திக் கேட்டதில்லை. அடி இரண்டு பாதியாக உடையும். நடுவில் ஒரு நிறுத்தம். பாதிக்கு இரண்டு அழுத்தம், ஆக நான்கு. இரு பாதிகளையும் கட்டுவது மோனை. மூன்றாவது அழுத்தம்தான் எஜமான். முதல் பாதியின் அழுத்தங்களில் ஒன்றாவது அதன் தொடக்க ஒலியோடு சேர்ந்தாக வேண்டும். நான்காவது சேரக் கூடாது. உயிரொலி எந்த உயிரொலியோடும் இணையும். ஆனால் 'ஸ்ட்' என்று தொடங்கும் சொல்லுக்கு இன்னொரு 'ஸ்ட்'தான் வேண்டும். வெறும் 'ஸ்' போதாது. இந்தக் கட்டுக்குள் பெயோவுல்ஃப் என்ற காவியம் 3182 அடி நடக்கிறது.

உருவகத் தொகைகளை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவதும் இதே அலட்சியம்தான். ஒரே பொருளை வெவ்வேறு மோனைக்குள் வைக்க வேண்டிய கவிஞனுக்குப் பல பெயர்கள் தேவை. ஆனால் தேவையோடு அது நிற்கவில்லை. கடலைத் திமிங்கிலப் பாதை என்கிறான். பாதை திமிங்கிலத்துடையது என்றால் அங்கே படகு விடும் மனிதன் யார்? அத்துமீறி நுழைந்தவன். ஒரு காவியத்தின் அச்சம் முழுக்க அந்தத் தொகைக்குள் இருக்கிறது.

போர், போர் என்கிறார்களே, எக்சிட்டர் ஏட்டைப் புரட்டட்டும். 1072-இல் இறந்த ஆயர் லியோஃப்ரிக் தம் பேராலயத்துக்குக் கொடுத்த ஏடு அது. அதில் வெங்காயமும் புத்தகப் பூச்சியும் விடையாக வரும் விடுகதைகள் தொண்ணூறுக்கு மேல். கணவனைப் பிரிந்து, ஓக் மரத்தடியில் மண்குகையில் கிடந்து புலம்பும் பெண்ணின் பாட்டும் அதில்தான். இடிந்த ரோமானிய நகரம் ஒன்றைப் பார்த்து, இதைக் கட்டிய கைகள் எங்கே என்று ஏங்கும் கவிதையும் அங்கே இருக்கிறது. என்றோ ஏட்டின் மேல் விழுந்த கொள்ளிக்கட்டை கடைசித் தாள்களைத் துளைத்துவிட்டது. அழிவைப் பாடிய அந்தக் கவிதையின் வரிகளே நடுநடுவே கருகிப் போயிருக்கின்றன. அதைப் படித்த பிறகும் கூச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. போர்ப் பாட்டும் உண்டுதான். ஆனால் 991-இல் நடந்த மால்டன் போரைப் பாடியவர் பாடியது தம்மவரின் தோல்வியை.

எஞ்சியது ஏறத்தாழ 30,000 அடிதான், சிறு குவியல் என்பவர்களுக்கு 1731-ஆம் ஆண்டின் தீயை நினைவூட்ட வேண்டும். லண்டனில் காட்டன் நூலகம் எரிந்தபோது பெயோவுல்ஃப் ஏடு ஓரம் கருகித் தப்பியது. மால்டன் ஏடு சாம்பலாயிற்று, முன்பே எடுத்த நகலால் பாட்டு மட்டும் பிழைத்தது. கிடைத்ததை வைத்து இருந்ததை அளப்பது நியாயமில்லை.

1066-இல் எல்லாம் முடிந்ததா? பீட்டர்பரோ மடத்தில் ஆங்கிலத்திலேயே ஆண்டுக்குறிப்பு 1154 வரை தொடர்ந்தது. மோனைக் கவிதையோ சாசரின் காலத்திலேயே மீண்டும் ஓங்கி ஒலித்தது. லாங்லண்டின் பியர்ஸ் பிளவ்மேனும், பச்சை வீரனோடு மோதும் கவைனின் கதையும் அந்த நடையில் எழுதப்பட்டவைதான். சாசரே தம் கான்டர்பரி கதைகளில், தான் தெற்கத்திக்காரன், மோனை அடுக்கிச் சொல்லத் தனக்கு வராது என்று பாதிரியார் ஒருவரைச் சொல்ல வைக்கிறார். செத்துப்போன நடையாக இருந்தால் அதைக் குறிப்பிடும் தேவையே அவருக்கு வந்திருக்காது.