வைர வயலில் எதைத் தேடுவது?

கட்டணம் செலுத்தி வயலில் இறங்கலாம். பகல் முழுவதும் தோண்டலாம். வைரம் கிடைத்தால் அது கண்டெடுத்தவருக்கே சொந்தம். கதைபோலத் தோன்றினாலும் இப்படி ஓர் இடம் உண்மையாகவே இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பெருநகரங்களுக்கு எட்டத்தில் மர்ஃப்ரீஸ்பரோ என்ற சிற்றூர் உள்ளது. அதன் அருகே சுமார் 37 ஏக்கர் உழுத நிலமாக அந்த வைர வயல் பரந்து கிடக்கிறது. அதை மாநில அரசு ஒரு பூங்காவாக நடத்துகிறது.

காசு வாங்கிக்கொண்டு தோண்டவிடுவது சரியா, அது ஒருவகைச் சூதாட்டம் அல்லவா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. என் கருத்து இது: அந்தக் கட்டணத்தைப் பரிசுச் சீட்டின் விலையாக நினைப்பவருக்கு அது நட்டம், ஆய்வுக்கூடக் கட்டணமாக நினைப்பவருக்கு அது மிக மலிவு. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் அந்த நிலத்தின் வரலாறு. 1906-இல் ஜான் ஹடில்ஸ்டன் என்ற உழவர் தம் நிலத்தில் இரண்டு பளபளப்பான படிகங்களைக் கண்டெடுத்தார். அவை வைரங்கள் என்று தெரிந்ததும் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. 1924-இல் 40.23 காரட் எடையுள்ள வைரம் ஒன்று கிடைத்தது. அமெரிக்காவில் இதுவரை கிடைத்தவற்றுள் அதுவே பெரியது. ஆனாலும் அங்கே வாணிப முறையில் சுரங்கம் நடத்தியவர்கள் நிலைக்கவில்லை. மண்ணில் வைரம் அவ்வளவு அரிதாகவே இருந்தது. 1952 முதல் அந்த இடம் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. 1972-இல் மாநில அரசே அதை விலைக்கு வாங்கியது.

நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகாத நிலத்தில் தனி மனிதருக்கு என்ன வாய்ப்பு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1972 முதல் இன்றுவரை 35,000-க்கும் மேற்பட்ட வைரங்கள் அங்கே கிடைத்துள்ளன. 50 ஆண்டுகளுக்கு மேல் என்பதால் ஆண்டுக்குச் சராசரியாக 700 எனக் கொள்வோம். அண்மைக் காலத்தில் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வருகிறார்கள். ஆகவே ஏறத்தாழ 150 பேரில் ஒருவருக்கே வைரம் கிடைக்கிறது. அதுவும் பெரும்பாலும் தீக்குச்சித் தலையளவே இருக்கும். செய்தித்தாளில் படம் வருவது அந்த ஒருவருக்குத்தான். வெறுங்கையுடன் திரும்பிய 149 பேரை யாரும் எழுதுவதில்லை. கிடைத்தவரை மட்டும் எண்ணி, கிடைக்காதவரை எண்ணாமல் விடுவது அறிவியல் முறை ஆகாது.

சரி, அந்த 149 பேருக்கும் அங்கே என்னதான் கிடைக்கிறது? இயற்பியல் கிடைக்கிறது என்பேன். தோண்டிய மண்ணைச் சல்லடையில் இட்டு, நீரில் அமிழ்த்தி, குலுக்கிச் சுழற்றுகிறார்கள். கனமான கற்கள் அடியில் நடுவே சேர்கின்றன. பிறகு சல்லடையைத் தரையில் கவிழ்த்தால் அடியிலிருந்தவை மேலே வந்துவிடும். அங்கேதான் வைரத்தைத் தேட வேண்டும்.

இதை ஏன் நீரில் செய்கிறார்கள்? வைரத்தின் ஒப்படர்த்தி 3.52, சாதாரண வெண்கல்லான குவார்ட்சுக்கு 2.65. காற்றில் இவற்றின் விகிதம் 1.33. நீரில் அமிழ்த்தியதும், ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, இரண்டிலிருந்தும் 1 குறைகிறது. அப்போது 2.52-க்கு 1.65, விகிதம் 1.53 ஆகிறது. கற்களின் வேறுபாட்டை நீர் பெரிதாக்கிக் காட்டுகிறது! நம் பாட்டிமார் அரிக்கன் சட்டியில் அரிசி அரித்தபோது செய்ததும் இதுவே. அங்கே வேண்டாத கல் அடியில் தங்கியது. இங்கே வேண்டிய கல் தங்குகிறது.

இன்னொரு பாடமும் உண்டு. வைரம் கண்ணாடியைக் கீறும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குவார்ட்சும் கண்ணாடியைக் கீறும். ஆகவே கீறுவது மட்டும் வைரத்துக்குச் சான்று ஆகாது. சுத்தியலால் அடித்து உடையாவிட்டால் வைரம் என்பதும் தவறு. கடினத்தன்மை வேறு, உடையாத் தன்மை வேறு. மிகக் கடினமான வைரமும் ஓர் அடியில் பிளந்துவிடலாம்.

அந்தப் பூங்காவில் நான் மிகவும் மதிப்பது ஒரு சிறு ஏற்பாட்டை. கண்டெடுத்த கல்லைக் கொண்டுபோய்க் காட்டினால், ஊழியர்கள் அது என்ன கல் என்று இலவசமாகச் சொல்கிறார்கள். வைரமாயின் எடைபோட்டுப் பதிவு செய்கிறார்கள். கல் தனியாருக்குப் போனாலும் செய்தி பொதுவில் நிற்கிறது. மேலே நாம் போட்ட கணக்கே இந்தப் பதிவினால்தான் முடிந்தது. எங்கே, எந்த ஆழத்தில், எந்தப் பாறையுடன் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத கல் வெறும் அலங்காரப் பொருள்தான். குறிப்பு இருந்தால் அது நிலவியல் சான்று. அந்த வயலில் வைரத்தைக் கொண்டுவந்த பாறையையே நெடுங்காலம் கிம்பர்லைட் என்று எண்ணியிருந்தார்கள். கவனமாக மீண்டும் ஆராய்ந்த பிறகு, 1980-களில், அது லாம்ப்ரோயிட் என்னும் வேறு வகை எரிமலைப் பாறை என்று தெளிவாயிற்று. ஆனால் வைரத்தை மட்டும் தேடுபவர், அந்த லாம்ப்ரோயிட் துண்டையே உதறி எறிந்துவிட்டுப் போவார்!

இதே கட்டணம் நம் நாட்டில் வேறு முகம் காட்டுகிறது. மத்தியப் பிரதேசத்தின் பன்னா மாவட்டத்தில் 8 மீட்டருக்கு 8 மீட்டர் நிலத்தைச் சிறு தொகைக்கு அரசிடம் குத்தகைக்கு எடுத்து யாரும் வைரம் தேடலாம். கிடைத்ததை அரசின் வைர அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஏலத் தொகையில் அரசின் பங்கும் வரியும் போக மீதி அவருக்கு. 2024-இல் ஒரு தொழிலாளிக்கு அங்கே 19.22 காரட் வைரம் கிடைத்தது. நாடெங்கும் அது செய்தியாயிற்று. ஆர்கன்சாவில் தோண்டுபவர் மாலையில் வீடு திரும்பி மறுநாள் தம் வேலைக்குப் போய்விடுவார். பன்னாவில் பலருக்கு அந்தக் குழியே வேலை. ஒரு நாள் உலாவாக இருக்கும்போது அதிர்ஷ்டம் விளையாட்டு. பிழைப்பாகும்போது அது கொடுமை. ஆகவே, ‘உழைத்தால் உனக்கும் வைரம் கிடைக்கும்’ என்று பன்னாவைக் காட்டி யாராவது உங்களுக்கு அறிவுரை சொன்னால், அந்த 149 பேரின் கணக்கை அவரிடம் கேளுங்கள். அவர்களும் உழைத்தவர்கள்தாம்.

மாணவர்களே, அந்த ஆய்வுக்கூடத்தில் நுழைய நீங்கள் கடல் தாண்ட வேண்டியதில்லை. வீடு கட்டக் குவித்திருக்கும் மணலில், உரியவரைக் கேட்டு, இரண்டு கை எடுங்கள். தட்டில் இட்டு நீரில் மெல்லச் சுழற்றுங்கள். வெளிறிய மணல் ஒதுங்க, கருமணல் பெரும்பாலும் அடியில் தங்கும். உலர்ந்ததும் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டுவதையும் ஒட்டாததையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, மணல் எந்த ஆற்றிலிருந்து வந்தது, என்று எடுத்தீர்கள் என்று மேலே எழுதி வையுங்கள். அதற்குச் சந்தையில் விலை இல்லை. ஆனால் நாளை வேறொருவர் அதே ஆற்று மணலைச் சோதித்து, உங்கள் குறிப்புடன் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

கையில் சல்லடை இருக்கட்டும். சட்டைப் பையில் பென்சிலும் இருக்கட்டும்.