'வரேன்னு சொன்னான்': ஊத்துக்குளி டீக்கடையில் ஒரு மொழிப் பாடம்



இன்னைக்கு நமக்குள்ளயே பேசிக்க வேண்டிய ஒரு விஷயம். திருப்பூர், பனியன் கம்பெனி, ரயில் என்று எந்தப் பதிவு போட்டாலும் கீழே 'வடக்கன்', 'இந்திக்காரன்' என்று கமெண்ட் வந்து விழுகிறது. எதிரணி ஆட்கள் மட்டும் எழுதினால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை. நம்ம தோழர்களும் எழுதுகிறார்கள். இந்தித் திணிப்பை எதிர்ப்பதாக நினைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் திணிக்கிறவர்களுக்குத்தான் உதவுகிறது. எப்படி என்று கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஊத்துக்குளியில் இருந்து தொடங்கலாம். ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் நடுவுல, வெண்ணெய்க்குப் பேர் போன ஊர். சாயங்காலம் ஷிப்ட் விடுற நேரம் ஊத்துக்குளி ஆர்.எஸ். பக்கம் ஒரு டீக்கடையில நின்னு காது கொடுத்துக் கேளுங்க. "ஏனுங்க, ஒரு டீ போடுங்க" என்ற கொங்குத் தமிழ் கேட்கும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற நம்மூர்க்காரர் பக்கத்தில் நிற்பார். அந்தப் பக்கம் ஒடியா, போஜ்புரி, இந்தி. எல்லாம் ஒரே பெஞ்சில்.

இப்போ ஒரு சாதாரண வாக்கியத்தை எடுத்துக்குங்க. "அவன் வரேன்னு சொன்னான்." இதில் 'ன்னு' என்பது 'என்று'. 'என்' என்றால் சொல்லுதல். அப்போ 'என்று' என்பதற்கு 'சொல்லி' என்பதுதான் மூலப்பொருள். ஒருத்தர் சொன்னதை அப்படியே எடுத்து வைத்து, பின்னாடி ஒரு 'சொல்லி' சேர்க்கிறோம். தெலுங்கில் இந்த வேலையைச் செய்வது 'அனி'. கன்னடத்தில் 'எந்து', பேச்சில் 'அந்த'. ஒரே குடும்பம், ஒரே வழக்கம். இதில் ஆச்சரியம் இல்லை.

ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒடிசா தொழிலாளியிடம் அதே வாக்கியத்தைக் கேளுங்க. "சே ஆசிபி போலி கஹிலா" என்பார். சே என்றால் அவன். ஆசிபி என்றால் வருவேன். கஹிலா என்றால் சொன்னான். நடுவில் நிற்கும் 'போலி'யின் பொருள் 'சொல்லி'. நம்ம 'ன்னு' நிற்கிற அதே இடம், அதே வேலை! ஒடியா திராவிட மொழி கிடையாது, இந்தோ-ஆரிய மொழி. இந்தியும் அதே குடும்பம்தான். ஆனால் இந்தியில் வழக்கமான அமைப்பு வேறு: "உஸ்னே கஹா கி...". 'சொன்னான்' முன்னாடி வரும், 'கி' நடுவில் நிற்கும், சொன்ன சேதி பின்னாடி வரும். இந்த ஒரு விஷயத்தில் ஒடியாக்காரர் டெல்லிக்கு இருப்பதைவிட நமக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

இது ஒடியாவோடு நிற்கவில்லை. மராத்தியில் 'ம்ஹணூன்', தக்கணத்து உருதுவில் 'போல்கே', சிங்களத்தில் 'கியலா'. எல்லாமே 'சொல்லி'தான். குடும்பத்தால் இவை நமக்குச் சொந்தம் இல்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்து பேசிப் பழகியதால் வாக்கியத்தின் எலும்புக்கூடே ஒத்துப்போய் வளர்ந்திருக்கிறது. யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. பழக்கம் மொழியின் அமைப்பையே மாற்றும் என்பதில் வழக்கு இல்லை.

1816-ல் எல்லிஸ், 1856-ல் கால்டுவெல். தென்னக மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவியவர்கள் என இவர்களை நமக்குத் தெரியும். இன்னொரு பேரையும் சேர்த்து வைங்க: எமனோ. நீலகிரிக்கு வந்து தோடர் மொழியை ஆராய்ந்தவர். 1956-ல் அவர் எழுதிய கட்டுரை, வெவ்வேறு குடும்பத்து மொழிகள் ஒரே மண்ணில் நெடுங்காலம் பழகி, ஒலியிலும் இலக்கணத்திலும் ஒன்றை ஒன்று ஒத்து வளர்ந்த நிலப்பரப்பு இந்தியா என்று காட்டியது. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்து குப்வார் கிராமம் இதற்குப் பேர்போன சாட்சி. அங்கே கன்னடம், மராத்தி, உருது மூன்றும் பழகிப் பழகி, ஒன்றில் சொன்ன வாக்கியத்தை இன்னொன்றில் கிட்டத்தட்ட சொல்லுக்குச் சொல் மாற்றிவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டன. ஆனாலும் மூன்றும் தனித்தனி மொழிகளாகவே இருந்தன. எதுவும் எதையும் விழுங்கவில்லை.

நம்ம கம்பெனிகளிலும் இது நடக்குது. செக்கிங் டேபிளில் நாம "செக் பண்ணு" என்கிறோம், இந்திக்காரர் "செக் கரோ" என்கிறார், ஒடியாக்காரர் "செக் கர" என்கிறார். சொல் இங்கிலீஷ். ஆனால் மூன்று பேரும் அதற்குப் பின்னாடி தன் மொழியின் 'செய்' என்ற வினையை வைத்து, காலத்தை அதில்தான் ஏற்றுகிறார்கள். தமிழ் கெட்டுப்போச்சு என்று பதறுகிறவர்கள் இதைக் கவனிக்கணும். 'பனியன்' என்ற சொல்லே குஜராத்து வணிகரைக் குறித்த சொல்லில் தொடங்கி, வெள்ளைக்காரன் வாயில் புகுந்து, ஒரு துணிக்குப் பேராகி நம்மிடம் வந்ததுதான். அந்தச் சொல்லால் தமிழ் அழிந்துவிடவில்லை. லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போடும் தொழிலுக்கு அதுதான் இன்றைக்குப் பேர்.

"அப்போ இந்தியும் வந்து கலக்கட்டுமே, ஏன் எதிர்க்கிறீங்க?" என்று ஒருத்தர் கேட்பார். நல்ல கேள்வி. டீக்கடை பெஞ்சில் நடப்பது பழக்கம். சட்டம் போட்டு, நிதியை நிறுத்தி, பள்ளிக்கூடத்துக்குள் நுழைப்பது திணிப்பு. 1968-ல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் தீர்மானித்த இருமொழிக் கொள்கை இன்னும் நம்ம பள்ளிக்கூடங்களில் நிற்கிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக 2024-25-ல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அதை எந்தத் தொழிலாளியும் செய்யவில்லை.

திணிப்பு என்ன செய்யும் என்று பார்க்க அந்தத் தொழிலாளியின் ஊரையே பாருங்க. 2011 மக்கள் கணக்கெடுப்பில் 5 கோடிக்கும் மேற்பட்டோர் 'என் தாய்மொழி போஜ்புரி' என்று சொன்னார்கள். அரசாங்கக் கணக்கில் அவர்கள் எல்லோரும் 'இந்தி' என்ற தலைப்புக்குள் போய்விட்டார்கள். எட்டாவது அட்டவணையில் போஜ்புரிக்கு இடமே இல்லை. நாம் அவரை 'இந்திக்காரன்' என்று எழுதும்போது டெல்லி போட்ட அதே கணக்கை நாமும் போடுகிறோம்.

ஒடியாக்காரரை அப்படிக் கூப்பிடுவது அதைவிடப் பெரிய தப்பு. 1936 ஏப்ரல் 1-ல் மொழி அடிப்படையில் தனி மாகாணம் பெற்றவர்கள் அவர்கள். அன்றைக்கு நமக்கே அது கிடையாது. ஜார்க்கண்டில் இருந்து வருகிறவர்களில் குடுக் மொழி பேசும் ஓராவோன் மக்களும் உண்டு. குடுக் திராவிட மொழி. நம்மைப் போலவே அவர்களும் கேட்பவரை விலக்கி ஒரு சொல்லும், சேர்த்து ஒரு சொல்லும் வைத்திருக்கிறார்கள். விலக்கிச் சொல்வது 'ஏம்'. சேர்த்துச் சொல்வது என்ன தெரியுமா? 'நாம்'. ஆமாங்க, அதே 'நாம்'! அவரைப் பார்த்து 'வடக்கன்' என்று எழுதினால் யாரைத் திட்டுகிறோம்?

ஊத்துக்குளியில் இருந்து கூப்பிடு தூரத்து ஈரோட்டுக்காரர் பெரியார். அவர் வீட்டில் பேசிய மொழி கன்னடம். 1938-ல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறைக்குப் போனவரும் அவர்தான். தமிழுக்கு நிற்க என்ன தாய்மொழி வேண்டும் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

2023 மார்ச் மறந்திருக்காது. பீகார் தொழிலாளர்களை இங்கே தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்களைப் பரப்பினார்கள். பயந்துபோன குடும்பங்கள் ரயில் ஏறின. பீகார் அரசே ஒரு குழுவை அனுப்பி, திருப்பூரில் நேரில் பார்த்துவிட்டுப் போனது. அந்தப் பொய்யை அன்றைக்கு முறியடித்தோம். அடுத்த முறை அவர்கள் போலி வீடியோ எடுக்கவே தேவையில்லை, நம்ம கமெண்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும்.

அதனால் தோழர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

👉 'வடக்கன்' என்ற சொல் இனி நம்ம பக்கத்தில் வேண்டாம். திட்டணும்னா திணிக்கிற அரசைத் திட்டுங்க, பேரைச் சொல்லித் திட்டுங்க.

👉 கம்பெனியில், கடையில், லைன் வீட்டில் அவர்களிடம் தமிழில் பேசுங்க. அரைகுறை இந்தியில் பேசுவது உதவி என்று நினைக்கிறோம். அதனால் பத்து வருஷம் இங்கே இருந்தும் ஒருத்தருக்கு பஸ் போர்டு படிக்கத் தெரியாமல் போகிறது. மெதுவாப் பேசுங்க, பிடிச்சுக்குவாங்க. வாக்கிய அமைப்பில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

👉 உங்க வார்டில் வெளிமாநிலக் குழந்தை யாராவது பள்ளிக்குப் போகாமல் இருந்தால் பக்கத்து அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்க. 2006 தமிழ் கற்றல் சட்டம் நாம் கொண்டாடும் சட்டம். அதன் பலன் அந்தக் குழந்தைக்கும் போய்ச் சேரணும். ஊத்துக்குளி அரசுப் பள்ளியில் தமிழ் படிக்கும் ஒடியாப் பிள்ளை நாளைக்கு நம் மொழிக்காகப் பேசும்.

தமிழில் 'நாங்கள்' என்றும் சொல்லலாம், 'நாம்' என்றும் சொல்லலாம். இந்தியில் இரண்டுக்கும் 'ஹம்' ஒன்றுதான். நமக்கு இரண்டு சொல் இருக்கு. ஊத்துக்குளி டீக்கடையில் எதைச் சொல்லப் போகிறோம் என்பது நம்ம கையில்தான் இருக்கு.

படிச்சுட்டுப் பகிருங்க தோழர்களே. முக்கியமா, அந்தக் கமெண்ட் போட்ட நண்பருக்கு அனுப்புங்க.

#நாம் #திணிப்பைஎதிர்ப்போம் #தமிழால்இணைவோம்