மாடிவீட்டுக்குக் கொடுத்த வைஃபை கடவுச்சொல்

திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க்கை ஒட்டிய கழக்கூட்டத்தின் வாடகை மாடிகளானாலும், சுவரோடு சுவர் சேர்ந்து நிற்கும் கரமனை அக்ரகார வீடுகளானாலும், வைஃபை கடவுச்சொல்லைக் கேட்பவருக்குக் கொடுப்பதில் தவறில்லை என்ற வாதம் எளிதில் எடுபடுகிறது. டேட்டாவுக்கு அளவில்லை, கட்டணமும் கூடப்போவதில்லை, போவது இணையம் மட்டுமே என்பது அதன் முதல் கூற்று. ஆனால் ரவுட்டர் என்பது இணையத்தைப் பிரித்துத் தரும் குழாய் மட்டுமன்று. வீட்டின் கைபேசி, தொலைக்காட்சி, கண்காணிப்புக் கேமரா, பிரிண்டர் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் உள்வலையும் அதுவே. அதில் சேர்ந்தவர் 192.168.1.1 போன்ற முகவரியைத் தட்டினால் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும். அதன் நுழைவுச்சொல்லோ, பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் வந்தபடியே மாற்றப்படாமல் கிடக்கும். அங்கே டிஎன்எஸ் என்னும், தளத்தின் பெயரைக் கேட்டு அதன் எண்முகவரியைச் சொல்லும் சேவையை மாற்றிவிட்டால், வீட்டார் தேடும் தளத்துக்குப் பதிலாக வேறொன்றை நோக்கி அவர்களைத் திருப்பிவிட முடியும்.

வங்கித் தளங்கள் மறையாக்கத்தோடு இயங்குவதால் ஒட்டுக்கேட்க இயலாது என்ற இரண்டாம் கூற்று பெருமளவு சரியே. எனினும் 2004இல் வந்த டபிள்யூபிஏ2 என்னும் வைஃபை பாதுகாப்பு முறையில், கடவுச்சொல்லும் வலையின் பெயரும் 4096 சுற்றுகளில் கலக்கப்பட்டு, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரே மூலச்சாவி உருவாகிறது. கடவுச்சொல்லை அறிந்தவர், ஒரு கருவி இணையும்போது பரிமாறப்படும் நான்கு செய்திகளைப் பிடித்துவிட்டால், அக்கருவியின் தனிச்சாவியையும் கணக்கிட்டுவிடலாம். தளத்தின் உள்ளடக்கம் மூடியிருந்தாலும், எந்தத் தளம் தேடப்பட்டது என்பது பல வேளைகளில் வெளிப்படும். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைத்தது. பழைய ரவுட்டர்களுக்கு அந்த வசதியில்லை.

கேட்டவர் நம்பகமானவர் என்பது மூன்றாம் கூற்று. நம்பிக்கை ஆளின்மீது வைக்கப்படுகிறது, கடவுச்சொல்லோ அவருடைய தம்பியின் கைபேசிக்கும் போகிறது. 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடம் முன் வந்த மிரட்டல் மின்னஞ்சலைத் தொடர்ந்த போலீசார், நவி மும்பையில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டை அடைந்தனர். அவருடைய வைஃபையை வேறொருவர் பயன்படுத்தியதாகப் பின்னர் முடிவாயிற்று. அதற்குள் அவர் விசாரணையைக் கடந்தாக வேண்டியிருந்தது. அவர் யாருக்கும் கடவுச்சொல்லைப் பகிர்ந்ததாகச் செய்தியில்லை என்றாலும் பாடம் மாறாது. ஒரு வீட்டில் எத்தனை பேர் இணைந்தாலும் வெளியே தெரிவது ஒரே ஐ.பி. முகவரிதான், அது இட்டுச்செல்வதோ இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரிடம்.

கொடுக்க மறுப்பது அயலாருக்கு அழகன்று என்ற கடைசிக் கூற்றுக்கு ரவுட்டரிலேயே விடையுண்டு. பல ரவுட்டர்களில் உள்ள விருந்தினர் வலை, இணையத்தை மட்டும் தந்து வீட்டுக் கருவிகளைத் தனியே நிறுத்துகிறது. குடியிருந்தவர் காலிசெய்து போனபின் முதன்மைக் கடவுச்சொல்லை எவரும் மாற்றாததற்குக் காரணம், தொலைக்காட்சி முதல் கேமரா வரை ஒவ்வொன்றிலும் அதை மீண்டும் தட்டச்சிட வேண்டியிருப்பதே. விருந்தினர் வலையின் சொல்லை மாற்றினால் அவற்றில் எதையும் தொட வேண்டியதில்லை.