விற்பவர் சொல்வது போதாது

2025 ஜூலையில் ஏர்டெல் நிறுவனம் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி செயலியின் கட்டணச் சேவையை ஓராண்டு இலவசமாக அறிவித்தது. அக்டோபர் இறுதியில் ஜியோ, கூகுளின் ஜெமினி கட்டணச் சேவையைப் பதினெட்டு மாதங்களுக்கு இலவசமாகத் தர முன்வந்தது. நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடியின் ‘கோ’ திட்டமும் இந்தியர்களுக்கு ஓராண்டு இலவசமானது. கைப்பேசிக்கு ரீசார்ஜ் செய்த கையோடு செயற்கை நுண்ணறிவும் வீட்டுக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைக் கேட்கிறார்கள். பெரியவர்கள் ரத்தப் பரிசோதனை முடிவைப் படம் எடுத்து அனுப்பி விளக்கம் கேட்கிறார்கள். இந்தச் செயலிகளை விற்பனையில் பங்கில்லாத ஒருவர் மாதந்தோறும் தமிழில் சோதித்து எழுதும் செய்திமடல் ஒன்று இன்று அவசரத் தேவை என்பேன்.

ஏன் மாதந்தோறும்? மிக்ஸியை ஒருமுறை சோதித்துச் சான்று கொடுத்தால், அது பழுதாகும்வரை அந்தச் சான்று செல்லும். உரையாடும் செயலி அப்படிப்பட்டதல்ல. பெயரும் திரையும் மாறாமலே உள்ளே இருப்பது மாறிவிடும். 2025 ஏப்ரல் கடைசியில், சாட்ஜிபிடியைத் தயாரிக்கும் ஓப்பன்ஏஐ நிறுவனம், அப்போது அதை இயக்கிய ஜிபிடி-4ஓ மாதிரியில் ஒரு மாற்றம் செய்தது. பயனர் எதைச் சொன்னாலும் அது ஆமாம் போட்டுப் புகழத் தொடங்கியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் நிறுவனம் மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. பின்னர் அது கொடுத்த விளக்கம்தான் முக்கியமானது. உள்சோதனைகளின் எண்கள் நன்றாகவே இருந்தன. பேச்சில் ஏதோ சரியில்லை என்று சோதனையாளர்கள் சிலர் சொல்லியும் வெளியிட்டுவிட்டோம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. தயாரிப்பாளரே சோதிக்கும்போது வெளியாள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

தமிழில் ஏன் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இந்த மாதிரிகள் எழுத்தை டோக்கன் எனும் சிறு துண்டுகளாக வெட்டித்தான் கையாளுகின்றன. மாதிரியைத் தம் மென்பொருளில் இணைப்போர் கட்டும் கட்டணமும், ஒருமுறை கையாளும் எழுத்தின் அளவு வரம்பும் அந்தத் துண்டுகளைப் பொறுத்தவை. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐ தானே வெளியிட்ட ஒப்பீட்டில், ஆங்கிலத்தில் 27 துண்டுகளாக இருந்த ஒரு மாதிரி வாசகம் தமிழில் 116 ஆக இருந்தது. துண்டாக்கும் புதிய முறையில் ஆங்கிலம் 24, தமிழ் 35. பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனாலும் இடைவெளி இருக்கிறது, அது துண்டுகளின் எண்ணிக்கையோடு நிற்பதும் இல்லை. ஆங்கிலக் கேள்விக்குச் சரியாக வரும் மருந்தளவு தமிழ்க் கேள்விக்கும் அப்படியே வருகிறதா? பட்டா மாறுதலுக்கோ குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பதற்கோ சொல்லும் நடைமுறை நம் மாநிலத்துடையதா? கலிபோர்னியாவில் எழுதப்படும் எந்த விமர்சனமும் இதைச் சோதிக்காது.

தவறான பதிலுக்கு யார் பொறுப்பு என்பதும் வாசகர் அறிய வேண்டியது. ஏர் கனடாவின் உரையாடு செயலி, துக்கப் பயணத்துக்கான கட்டணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்துப் பெறலாம் என்று ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. வழக்கு வந்ததும், செயலி தனிச் சட்ட உருவம், அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்று விமான நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் அதை நிராகரித்துச் சுமார் 800 கனடிய டாலர் கொடுக்க உத்தரவிட்டது. அந்தப் பயணியிடம் உரையாடலின் திரைப்பதிவு இருந்தது. பணம் சம்பந்தப்பட்ட பதிலைப் பதிவெடுத்து வையுங்கள் என்ற ஒரு வரியை நம் மக்களிடம் கொண்டு சேர்த்தாலே அந்த மடல் தன் வேலையைத் தொடங்கியதாகிவிடும்.

இப்படி எழுதுவது வீண் பயத்தைக் கிளப்பும் என்பார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் அரவிந்த் நாராயணனும் சயாஷ் கபூரும் 2022இல் தொடங்கிய செய்திமடலைப் பார்க்கலாம். எது உண்மையில் வேலை செய்கிறது, எது வெறும் விற்பனைப் பேச்சு என்று அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். அந்தத் தெளிவு பயத்தைக் குறைக்கவே செய்யும். அச்சேறுவதற்குள் முடிவு பழசாகிவிடும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. ஆனால் ஒரே நூறு கேள்விகளை ஒவ்வொரு மாதமும் தேதியிட்டுக் கேட்டு வந்தால், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் உள்ள வேறுபாடே செய்தியாகிவிடுகிறது.

கடினமான கேள்வி பணம்தான். செயலி நிறுவனங்களின் விளம்பரத்தை வாங்கினால் மடல் செத்துவிடும். அமெரிக்காவில் 1936இல் தொடங்கிய கன்சியூமர் ரிப்போர்ட்ஸ், விளம்பரம் வாங்காமல், சோதிக்கும் பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, பெரும்பாலும் சந்தாதாரர்களை நம்பி நிற்கிறது. இங்கே தொடக்கச் செலவு அவ்வளவு பெரிதல்ல. செயலிகளின் மாதக் கட்டணமும், மருத்துவம், சட்டம், வருவாய்த் துறை தெரிந்த சிலரின் நேரமும் வேண்டும். 1985 முதல் சென்னையில் இயங்கும் சிஏஜி போன்ற நுகர்வோர் அமைப்புகளும் கல்லூரிகளின் கணினித் துறைகளும் தமிழ்த் துறைகளும் இதற்குக் கைகோக்க வேண்டும். இலவசக் காலம் முடிந்து நிறுவனங்கள் கட்டணம் கேட்கும் நாளுக்கு முன்பே முதல் இதழ் வாசகர் கையில் இருக்கட்டும்.